'ஒயின் ஷாப்' தெரியும், ஒயின் டூர் தெரியுமா? நாசிக், கோவாவில் ஒரு நாள் எப்படிப் போகும்? எதில் உஷாரா இருக்கணும்?

நம்ம ஊரில் டாஸ்மாக் கடையை இன்னமும் பலர் 'ஒயின் ஷாப்' என்றுதான் சொல்கிறார்கள். வேடிக்கை என்னன்னா, அந்த ஒயின் ஷாப்பில் ஒயின் கேட்டு வருபவர் அபூர்வம். பிராந்தி, விஸ்கி, ரம், பீர், அவ்வளவுதான். ஒயின் என்பது கிறிஸ்துமஸ் நேரத்தில் கேக்கோடு நினைவுக்கு வரும் சமாச்சாரம்.

ஆனால் சில ஆண்டுகளாக இன்ஸ்டாகிராம் ரீல்ஸைத் திறந்தால் வேறு காட்சி. மலை, ஏரி, வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, கையில் கண்ணாடிக் கோப்பை. கீழே 'நாசிக் வைன்யார்டு டூர், ஒரு நாள்' என்று ஒரு போன் நம்பர். ஷீரடி, திரியம்பகேஸ்வரர் என்று கோயில் பயணம் போனவர்கள்கூட, "பக்கத்துலதானே இருக்கு" என்று எட்டிப்பார்த்துவிட்டு வருகிறார்கள். கோவா போகிறவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு அழைப்பு: பீச்சை விடுங்க, ஃபெனி காய்ச்சும் இடத்தைப் பாருங்க!

இந்த டூரில் உண்மையில் என்ன காட்டுகிறார்கள்? குடிக்காதவர்கள் போனால் ஏதாவது இருக்கிறதா? சட்டச் சிக்கல் எங்கே வரும்? கம்பத்தில் திராட்சையும் பண்ருட்டியில் முந்திரியும் வைத்திருக்கும் தமிழ்நாட்டில் ஏன் இப்படி ஒன்று இல்லை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒயினரி வேறு, டிஸ்டில்லரி வேறு

முதலில் ஒரு சின்ன அடிப்படை. பழச்சாறு புளித்தால், அதாவது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றினால், கிடைப்பது ஒயின். ஆல்கஹால் பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம். அதற்கு மேல் போகப் போக ஈஸ்ட்டே தாக்குப்பிடிக்காமல் செத்துப்போகும். இது நடக்கும் இடம் ஒயினரி.

புளித்த அந்தத் திரவத்தைப் பாத்திரத்தில் காய்ச்சி, வரும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தால் ஆல்கஹால் செறிவு ஏறும். 40 சதவீதத்தைத் தாண்டும். இது டிஸ்டில்லரி வேலை. பிராந்தி என்பதன் அசல் அர்த்தமே திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது என்பதுதான். இந்தியாவில் பிராந்தி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை கரும்பாலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்டவை. பாட்டிலில் திராட்சைக் கொத்துப் படம் இருக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் கரும்பு!

இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் டூர் பாதி புரிந்துவிடும். திராட்சை ஒயினைப் பார்க்க நாசிக், காய்ச்சி வடிப்பதைப் பார்க்க கோவா. இரண்டும் தனித்தனிப் பயணங்கள். ஒரே நாளில் சேர்த்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் மேப்பைத் திறந்து காட்டுங்கள்.

நாசிக்கில் காலை எங்கே ஆரம்பிக்கும்?

மும்பையிலிருந்து சுமார் 170 கி.மீ., கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். பகலில் வெயில், குளிர்காலத்தில் இரவு நல்ல குளிர். இந்த ஏற்ற இறக்கம்தான் ஒயின் திராட்சைக்கு வேண்டியது. சாப்பிடும் திராட்சைக்கு நாசிக் எப்போதோ பெயர் வாங்கிய ஊர். ஒயின் பிறகு வந்தது.

அது எப்படி வந்தது என்ற கதையை எந்த கைடும் சொல்லாமல் விடமாட்டார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்த ராஜீவ் சாமந்த் 1990களில் ஊர் திரும்பினார். நாசிக்கில் குடும்ப நிலம் கொஞ்சம் இருந்தது. மாம்பழம் போட்டுப் பார்த்தார். பிறகு, 'சாப்பிடும் திராட்சை இவ்வளவு விளைகிற மண்ணில் ஒயின் திராட்சை ஏன் விளையாது' என்று நட்டார். அம்மா சுலபாவின் பெயரிலிருந்து 'சுலா' என்று பெயர் வைத்தார். முதல் ஒயின் 2000ல் வெளிவந்தது. 2005ல் ஆலையிலேயே ருசிபார்க்கும் அறையைத் திறந்தார்கள். இந்திய ஒயின் ஆலைகளில் அதுதான் முதல் என்று சொல்லப்படுகிறது. 2022 டிசம்பரில் நிறுவனம் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது.

கங்காபூர் அணை ஓரம் சுலாவும், அருகிலேயே யார்க், சோமா போன்ற ஆலைகளும் இருக்கின்றன. இதில் யார்க்கை 2021ல் சுலாவே வாங்கிவிட்டது. இகத்புரி பக்கம் போனால் குரோவர் ஜம்பா, வலோனே. திண்டோரி பக்கம் ஷாந்தோன். ஒரு நாளில் இதில் இரண்டு, அதிகம் போனால் மூன்றுதான் உருப்படியாகப் பார்க்க முடியும். 'ஒரே நாளில் ஐந்து ஆலை' என்று விளம்பரம் செய்தால், நீங்கள் பார்க்கப்போவது ஐந்து பார்க்கிங் இடங்களைத்தான்.

தோட்டத்தில் நின்று கவனிக்க வேண்டியது கவாத்து

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குக் கவாத்து என்று சொன்னால் உடனே புரியும். கொடியை வெட்டிவிடுவது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தானாகத் தூங்கிவிடும், வசந்தத்தில் துளிர்க்கும், ஆண்டுக்கு ஒரு கவாத்து போதும். நாசிக்கில் அப்படித் தூங்கவைக்கும் குளிர் கிடையாது. அதனால் இரண்டு முறை வெட்டுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, அது கொடியைத் தயார்ப்படுத்த. மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அதுதான் பழத்துக்கு. அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை.

ஐரோப்பிய ஆலைகள் கொட்டும் மழைக்கு முன் செப்டம்பரில் பறித்துவிடத் துடிக்கும்போது, இங்கே அப்போதுதான் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். அவர்கள் நாட்காட்டியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

இதில் டூர் போகிறவர்களுக்கு ஒரு முக்கிய சேதி இருக்கு. ஜூன், ஜூலையில் போனால் ஊரே பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆனால் கொடியில் ஒரு பழம் இருக்காது. ஆலைக்குள் மெஷின் நின்றிருக்கும். கைடு வெறும் தொட்டியைக் காட்டிக் கதை சொல்வார். பழம் வந்து இறங்குவதையும் சாறு பிழிவதையும் கண்ணால் பார்க்கணும் என்றால் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதிக்குள் போக வேண்டும். கூட்டமும் அப்போதுதான் அதிகம், அதிலும் சனி, ஞாயிறு பற்றிச் சொல்லவே வேண்டாம். வார நாளில் போவது நல்லது.

நம்ம கம்பத்தில் திராட்சை தலைக்கு மேல் பந்தலில் தொங்கும், கீழே நடந்து போகலாம். ஒயின் திராட்சையைப் பெரும்பாலும் கம்பி கட்டி வேலி மாதிரி இடுப்பு உயரத்தில் வளர்க்கிறார்கள். பழம் சின்னது, தோல் தடிப்பு, உள்ளே கொட்டை, இனிப்பு நாம் சாப்பிடும் திராட்சையைவிட அதிகம். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டால் "இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்று தோன்றலாம். அந்தத் தடித்த தோலில்தான் சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் இருக்கு.

ஆலைக்குள்ளே

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு ஏறக்குறைய நிறமில்லாமல்தான் வரும். தோலோடு சேர்த்துப் புளிக்கவைத்தால் சிவப்பு ஒயின். தோலை எடுத்துவிட்டுச் சாறை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை ஒயின். கொஞ்ச நேரம் மட்டும் தோலோடு வைத்து எடுத்தால் ரோஸ் நிறம். டூரில் பெரும்பாலானோர் ஆச்சரியப்படும் இடம் இது.

பளபளக்கும் பெரிய எவர்சில்வர் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும். புளிக்கும்போது சாறு தானாகச் சூடாகும். வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறினால் வாசனை போய்விடும். தொட்டியில் இருக்கும் வெப்பமானியைப் பாருங்கள். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பார்கள். வெளியே 32 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் இதற்கு ஆகும் மின்சாரச் செலவையும் கைடிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல கைடாக இருந்தால் அங்கிருந்துதான் சுவாரசியமான பேச்சு ஆரம்பிக்கும்.

பிறகு ஓக் மரப் பீப்பாய் அறை. இருட்டாக, குளுகுளுவென்று. போட்டோவுக்கு எல்லாரும் வரிசையில் நிற்பது இங்கேதான்.

ருசிபார்க்கும் மேசையில் நாலைந்து வகை வரும். வெள்ளையில் தொடங்கி, சிவப்புக்குப் போய், இனிப்பு ஒயினில் முடிப்பது வழக்கம். கோப்பையின் காம்பைப் பிடிப்பது ஸ்டைலுக்கு இல்லை, உள்ளங்கைச் சூடு ஒயினில் ஏறக்கூடாது என்பதற்காக. மேசையில் ஒரு வாளியோ ஜாடியோ இருக்கும். அது எதுக்குன்னு கேட்கக் கூச்சப்படாதீங்க. வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு! தொழில்முறையாக ருசிபார்ப்பவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். நம்மவர்கள் மட்டும் 'காசு கொடுத்தாச்சே' என்று கடைசிச் சொட்டு வரை முடித்துவிடுகிறார்கள்.

'சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது சார்' என்று மேசையில் யாராவது சொன்னால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கோவா: பழம் தானா விழணும்

நாசிக் ஆலை மருத்துவமனை மாதிரி சுத்தம் என்றால், கோவாவின் ஃபெனி பட்டி நம்ம ஊர் வெல்லம் காய்ச்சும் கொட்டகை மாதிரி. 'பட்டி' என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள், காய்ச்சும் இடத்துக்கு.

முந்திரி இந்திய மரமே கிடையாது. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. உலகம் முழுக்க முந்திரிக்கொட்டைக்கு மதிப்பு, பழத்தைப் பல இடங்களில் கண்டுகொள்வதில்லை. கோவாக்காரர்கள் பழத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2009ல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016ல் கோவா அரசு அதைப் 'பாரம்பரிய மது' என்று அறிவித்தது. அதுவரை சட்டத்தின் பார்வையில் ஃபெனி வெறும் நாட்டுச் சாராயம்.

சீசன் பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே வரை. பழத்தைப் பறிக்கமாட்டார்கள். நன்றாகப் பழுத்துத் தானாகக் கீழே விழணும், அதைத்தான் பொறுக்குவார்கள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, பழத்தைப் பாறையில் குடைந்த தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். இந்தத் தொட்டிக்குக் கொங்கணியில் 'கொளம்பி' என்று பெயர். இப்போது பல இடங்களில் மெஷின் வந்துவிட்டது. டூரில் காட்டுவதற்காகவே மிதிக்கும் இடங்களும் உண்டு. காலை வைத்துப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் வைக்கலாம், ஆனால் அந்தக் கறை லேசில் போகாது.

மிதித்துச் சாறு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைக் குவித்து, கொடியால் சுற்றிக் கட்டி, மேலே கல்லை ஏற்றி வைப்பார்கள். இரவு முழுக்கச் சொட்டும் தெளிந்த சாறுக்கு 'நீரோ' என்று பெயர். பெயரே நமக்குப் பழகின மாதிரி இருக்கு இல்லையா? நம்ம ஊர் பதநீருக்கு என்ன இடமோ, அங்கே அதற்கு அதே இடம். ஆல்கஹால் கிடையாது, அன்றைக்கே குடித்துவிட வேண்டும், மறுநாள் புளித்துவிடும். குடும்பத்தோடு, குழந்தைகளோடு போகிறவர்கள், மதுவைத் தொடாதவர்கள் எல்லாரும் நம்பிப் போகலாம் என்று சொன்னால் அது இந்த நீரோவுக்காகத்தான். மணம் முந்திரிப்பழம், ருசி தேன் கலந்த மாதிரி, தொண்டையில் லேசான காறல்.

மிதித்த சாறு வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல், காற்றிலும் பழத்திலும் இருப்பதை வைத்தே சுமார் மூன்று நாள் புளிக்கும். பிறகு செம்புப் பாத்திரத்தில் ஊற்றி விறகு அடுப்பில் காய்ச்சுகிறார்கள். ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து இன்னொரு பானையில் இறங்கும். முதல் வடிப்பில் கிடைப்பது 'உர்ராக்'. ஆல்கஹால் சுமார் 15 சதவீதம். அந்த சீசனில் மட்டும்தான் கிடைக்கும். எலுமிச்சை, உப்பு, கீறின பச்சைமிளகாய், சோடா போட்டுக் குடிப்பது உள்ளூர் வழக்கம். உர்ராக்கை மறுபடி புளித்த சாறோடு சேர்த்து இன்னொரு முறை காய்ச்சினால் ஃபெனி, 40 சதவீதத்துக்கு மேல்.

பட்டியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கவனியுங்கள். தீ கூடினால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை ஏறிவிடும், குறைந்தால் வடிவது நின்றுவிடும். பெரிய ஆலையில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலையை இவர் விறகை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பார்க்கிறார். நான்கு மாதம்தான் இந்த வேலை. வயசானவர்கள் செய்கிறார்கள், பிள்ளைகள் ஹோட்டல் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். டூர் கட்டணத்தில் ஒரு பங்கு இவருக்குப் போகிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

சீசன் இல்லாத நேரம் கோவா போகிறவர்களுக்கும் வழி இருக்கு. வடக்கு கோவாவில் கண்டோலிம் பக்கம் ஃபெனிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் 2021ல் திறந்தார்கள். பழைய கண்ணாடிக் குடுவைகள், அளவைகள் எல்லாம் இருக்கின்றன. தெற்கு கோவாவில் குங்கோலிமில் பால் ஜான் சிங்கிள் மால்ட் விஸ்கி ஆலைக்குப் பார்வையாளர் மையம் இருக்கிறது, ஆண்டு முழுக்க இயங்குவது. அங்கே கேட்க வேண்டிய ஒரு விஷயம்: பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் விஸ்கி. இதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் போகும். கோவா வெயிலில் அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் இந்திய விஸ்கியை 12 ஆண்டு, 18 ஆண்டு என்று வைத்திருப்பது கஷ்டம், வைத்தால் பீப்பாயில் மிச்சம் இருக்காது. அதே வெயில் மரத்தின் ருசியைச் சீக்கிரம் இறக்கிவிடுவதால் சில ஆண்டுகளிலேயே முதிர்ந்துவிடுகிறது.

லேபிள் இல்லாத பாட்டில்: இங்கேதான் உஷார்

கோவாவில் சாலையோரம் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி 'வீட்டு ஃபெனி', 'ஒரிஜினல் உர்ராக்' என்று விற்பார்கள். டிரைவரே 'எனக்குத் தெரிஞ்ச இடம்' என்று கூட்டிப்போவார். வாங்காதீங்க.

காரணம் நமக்கு நன்றாகவே தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம் மெத்தனால். அது தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம், குடிக்கும் ஆல்கஹாலின் நெருங்கிய உறவு. வாசனையிலோ ருசியிலோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும். அதனால்தான் பார்வை மங்குவது முக்கிய அறிகுறி.

ஒழுங்காகப் பழம் புளிக்கவைத்துக் காய்ச்சுபவர் மெத்தனால் கலப்பதில்லை. முதலில் வடியும் காட்டமான பகுதியையும் ஒதுக்கிவிடுவார். ஆனால் லேபிள் இல்லாத பாட்டிலில் இருப்பது அவர் காய்ச்சியதுதானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உரிமம் பெற்ற பட்டியில், கண் முன்னே வடிவதைப் பார்த்து ருசிப்பது வேறு. ஹைவேயில் கைமாறிய பிளாஸ்டிக் பாட்டில் வேறு. குடித்த பிறகு கண் மங்கினால், தலைச்சுற்றல், வாந்தி, மூச்சுவாங்கல் இருந்தால் 'போதைதான்' என்று படுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் சிகிச்சை இருக்கிறது.

கம்பத்திலும் பண்ருட்டியிலும் ஏன் இல்லை?

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டில் பெரும்பகுதி விளைச்சல் இருக்கும் அபூர்வமான இடம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுக்குக் குறைவே இல்லை. சீசனில் தோப்புக்குள் நடந்தால் கொல்லாம்பழ வாசனை தூக்கும். கொட்டையை எடுத்த பிறகு பழத்தில் பெரும்பகுதி மரத்தடியிலேயே அழுகிப்போகிறது.

வித்தியாசம் மண்ணில் இல்லை, சட்டத்தில்தான் இருக்கு. மகாராஷ்டிரா 2001ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. உள்ளூர்த் திராட்சையில் செய்யும் ஒயினுக்குக் கலால் வரியில் சலுகை, ஆலையிலேயே விற்க வழி. அதன்பிறகு நாசிக்கில் ஆலைகள் பெருகின. தமிழ்நாட்டில் 2003லிருந்து மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். தோட்டத்துக்காரர் தானே ஒயின் செய்து, வருகிறவர்களுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, பாட்டில் விற்பது என்பதற்கே இங்கே இடமில்லை. கள் இறக்கவே தடை இருக்கும் மாநிலம் இது.

'அப்போ திறந்துவிட வேண்டியதுதானே' என்பது அவ்வளவு சுலபமான பதில் இல்லை. மகாராஷ்டிராவிலேயே 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது கடும் எதிர்ப்பு. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். திட்டம் நகரவில்லை. குடியால் குடும்பங்கள் படும் பாட்டைத் தினமும் செய்தியாகப் பார்க்கும் நமக்கு அந்த எதிர்ப்பின் நியாயம் புரியும். அதே நேரம், நீரோ மாதிரி ஆல்கஹால் இல்லாத சாறை முந்திரித் தோப்பிலேயே பிழிந்து கொடுக்கும் ஒரு தோட்டச் சுற்றுலாவுக்கு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பண்ருட்டியில் அதைக்கூட யாரும் பெரிதாக முயலாதது ஆச்சரியம்தான்.

சின்னச் சின்ன டேஸ்ட், கணக்கு மட்டும் பெரிசு

டூரில் பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். ஒரு டேஸ்ட் என்பது சுமார் 30 மி.லி. ஒரு வாய்தான். ஓர் ஆலையில் 5 டேஸ்ட், மூன்று ஆலை என்றால் 15. மொத்தம் 450 மி.லி., அதாவது 750 மி.லி. ஒயின் பாட்டிலில் பாதிக்கு மேல். அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 44 கிராம் அளவுக்கு வரும். 'நான் குடிக்கவே இல்லை, டேஸ்ட்தான் பண்ணேன்' என்று சொல்பவர் உடம்பில் இவ்வளவு!

கோவாவில் கணக்கு இன்னும் வேகமாக ஏறும். 42.8 சதவீத ஃபெனியோ விஸ்கியோ 30 மி.லி. குடித்தால் சுமார் 10 கிராம் ஆல்கஹால். மூன்று ஒயின் டேஸ்ட்டுக்கு மேல்.

மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவுப்படி ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் முதல் ஆலையில் ஐந்து டேஸ்ட்டை மளமளவென்று முடித்தாலே இந்த வரம்பைத் தாண்ட நல்ல வாய்ப்பு இருக்கு. முதல் முறை சிக்கினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 15 ஆயிரம், 2 ஆண்டு வரை. காபி, மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ரத்தத்திலிருந்து ஆல்கஹாலை வேகமாக வெளியேற்றாது. நேரம் மட்டும்தான் வழி.

அதனால் டூர் கட்டணத்தில் உண்மையில் நீங்கள் காசு கொடுப்பது ஒயினுக்கு இல்லை, ஸ்டியரிங்கைப் பிடிக்கும் அந்த மனிதருக்கு. கோவாவில் வாடகை ஸ்கூட்டரில் பட்டி பட்டியாகச் சுற்றுவதும், மும்பையிலிருந்து சொந்தக் காரில் வந்துவிட்டு இருட்டில் கசாரா மலைப்பாதையில் இறங்குவதும் இந்தப் பயணத்தின் மிக மோசமான வடிவங்கள். புக் செய்யும்போது வண்டி, டிரைவர், மதியச் சாப்பாடு, ஆலைக் கட்டணம் இதில் எது சேர்ந்தது, எது தனி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிரைவரை 'நீங்களும் ஒரு வாய் பாருங்கண்ணே' என்று உபசரிக்காதீங்க. அது மரியாதை இல்லை.

வயசு விஷயமும் ஒன்று. மகாராஷ்டிராவில் ஒயினுக்கு 21, விஸ்கி போன்றவற்றுக்கு 25. கோவாவில் 21. அடையாள அட்டை கேட்பார்கள். அக்டோபர் 2 போன்ற உலர் நாட்களிலும், தேர்தல் நேரத்திலும் ருசிபார்க்கும் அறை மூடியிருக்கும். லாங் வீக்கெண்ட் என்று டிக்கெட் போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பாட்டில் வாங்கி வரலாமா?

வாங்குவது சுலபம், தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவதுதான் சிக்கல். வெளிமாநில மது பாட்டில்களோடு சோதனைச் சாவடிகளில் சிக்கி, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வழக்கு வாங்குபவர்களைச் செய்திகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கோவாவிலிருந்து காரில் வந்தால் நடுவில் கர்நாடகாவின் விதிகளும் உண்டு. எந்த மாநிலத்தில் எவ்வளவுக்கு அனுமதி என்பது அடிக்கடி மாறுவதால், கிளம்பும் முன் அந்தந்த மாநில ஆயத்தீர்வைத் துறையிடம் கேட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு. 'கடைக்காரர் பில் கொடுத்தார்' என்பது மட்டும் போதாது.

ரயிலில் போதையில் இருப்பதும் மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பதும் ரயில்வே சட்டம் 145வது பிரிவின்படி குற்றம். டூர் முடிந்த கையோடு இரவு ரயில் பிடிக்கும் திட்டம் இருந்தால் கடைசி ஆலையை விட்டுவிடுங்கள்.

விமானத்தில், 24 முதல் 70 சதவீதம் ஆல்கஹால் உள்ள பாட்டில்கள் கடையில் சீல் வைத்தபடியே இருந்தால், ஒருவருக்கு 5 லிட்டர் வரை செக்-இன் பெட்டியில் வைக்கலாம். இது விமானப் பாதுகாப்பு விதி மட்டும்தான். இறங்கும் மாநிலத்தின் மது விதி அதற்குப் பிறகும் பொருந்தும். கையில் எடுத்துப் போகும் பையில் வைத்தால் செக்யூரிட்டியில் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போகணும். பட்டியில் வாங்கிய நீரோவும் அப்படித்தான், பதநீர் மாதிரி அன்றைக்கே, அங்கேயே குடித்துவிட வேண்டியது.